“கையை எடு” என்றால் கை கேட்குமா?

18 பிப்ரவரி 2024, காலை
திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டது:

என் மகளுக்குப் பதினாறு வயது. ஒரு வருஷமாக முகத்திலும் கையிலும் இருக்கிற பருவை, பொருக்கை எல்லாம் நோண்டி நோண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறாள். திட்டினேன், அடித்தும் பார்த்தேன். விரலில் வேப்பெண்ணெய் தடவினேன். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். ஊக்கை எடுத்து நோண்டுகிறாள். இது திமிர், மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அடுத்த மாதம் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு வேறு.

18 பிப்ரவரி, இரவு

திமிர் இல்லை அக்கா. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

எனக்கு 41 வயது. ஒன்பதாவது படிக்கும்போது நெற்றியில் வந்த பருவில் ஆரம்பித்தது. அப்புறம் கைக்கு இறங்கியது, தோளுக்குப் போனது, கட்டைவிரல் நகக்கண்ணில் நின்றது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வலது கை டேலியில் எண் தட்டிக்கொண்டிருக்கும்போதே, இடது கையின் கட்டைவிரல் அதே கையின் மற்ற விரல்களைத் தடவிப் பார்க்கும். எங்கேயாவது சொரசொரவென்று ஒரு மேடு தட்டுப்படும். அதன் ஓரத்துக்கு அடியில் நகம் நுழையும். ‘சுருக்’கென்று ஒரு வலி, தோல் வந்துவிடும். ஒரு கணம் அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதி போகிற போக்கில் வெட்கத்தை விட்டுவிட்டுப் போகும். குனிந்து பார்த்தால் பேரேட்டின் ஓரத்தில் ரத்தம் பட்டிருக்கும்.

இதில் மனசு வைக்கிற இடம் எது என்று 27 வருஷமாகத் தேடியிருக்கிறேன். மேடு தட்டுப்படுகிற வரை எனக்கே தெரியாது. தெரிகிறபோது பாதி உரிந்திருக்கும்.

வேப்பெண்ணெய் எனக்கும் தடவினார்கள். நகத்தைக் கிள்ளினால் தரித்திரம் பிடிக்கும் என்று அப்பத்தா சொல்வார். தரித்திரத்துக்குப் பயந்து ஒளிந்து நோண்டக் கற்றுக்கொண்டேன்.

19 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்தால் நகம் வெட்டியதே வீண் என்கிற மாதிரி இருக்கிறது. வீண் இல்லை. நகம் குட்டையாக இருந்தால் புண் ஆழம் குறையும், கிருமி குறையும். வெட்டுங்கள். அவளைக் கேட்டுவிட்டு, அவள் கையாலேயே வெட்டச் சொல்லுங்கள். பிடித்து உட்காரவைத்து வெட்டினால் அது தண்டனை.

ஊக்கு, முள்வாங்கி, இரண்டையும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரே டப்பாவில் போட்டு எட்டாத இடத்தில் வையுங்கள். அவளிடமிருந்து பிடுங்கியதாக இருக்கக்கூடாது.

25 பிப்ரவரி

“இதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்து நோயாக்கிவிடுகிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘தோலை நோண்டும் நோய்’ (ஸ்கின் பிக்கிங் டிஸார்டர்) என்கிற பெயர் புதிது, விஷயம் பழையது. லண்டன் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 1875-இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். 1898-இல் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக், பருவைக் கிள்ளிக் கிள்ளி முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும் இளம்பெண்களைப் பற்றித் தனியாகவே எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பிடித்தது 2013-இல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருகிற நோய்க்கு, பக்கத்து வீடு. தலைமுடியைப் பிடுங்குகிற பழக்கம் இதன் உடன்பிறப்பு.

நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இருக்கிறது. சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். பெரும்பாலும் பருவ வயதில், பருவோடுதான் ஆரம்பம்.

அந்தக் கையேட்டில் நோயின் அடையாளமாகச் சில சொல்லியிருக்கிறது. தோலை நோண்டிப் புண் உண்டாக்குவது ஒன்று. இன்னொன்றைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன்: விடுவதற்கோ குறைப்பதற்கோ திரும்பத் திரும்ப முயன்றிருக்க வேண்டும். அதாவது, முயன்று முயன்று முடியாமல் போவதுதான் இந்த நோயின் இலக்கணத்திலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் படித்துக் காட்டுங்கள் அக்கா.

ஒன்றை விட்டுவிட்டேன். இது தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது அல்ல. வலிக்கவேண்டும் என்பதற்காக யாரும் நோண்டுவதில்லை. ஒரு மேட்டைச் சமனாக்க, அழுக்கென்று தோன்றுவதை எடுக்க, மனசின் முறுக்கைத் தளர்த்தத்தான் கை போகிறது. பிள்ளை தன்னை வருத்திக்கொள்ள வேண்டும், வாழவே வேண்டாம் என்கிற மாதிரி பேசினால் அது வேறு. அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

3 மார்ச்

கண்ணாடியைப் பற்றி.

கை இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று தன்னையறியாமல் போகிற கை. கணக்கு எழுதும்போது, பாடம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது. இன்னொன்று தெரிந்தே தேடிப் போகிற கை. இரவு பத்து மணிக்கு முகம் கழுவப் போய்க் கண்ணாடி முன்னால் நிற்பேன். டியூப்லைட் வெளிச்சத்தில் மூக்கோரம் ஒரு கரும்புள்ளி தெரியும். “இது ஒன்றை மட்டும்” என்று குனிவேன். நிமிரும்போது பதினொன்று ஆகியிருக்கும், முகம் முழுக்கத் தடித்திருக்கும். நடுவில் போன நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்றே சொல்லத் தெரியாது.

கண்ணாடியை எடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கிறதே அந்த ஒன்றைத் துணி போட்டு மூடிவிடுங்கள்.

4 மார்ச்

மூடச் சொன்னது தப்பு. என் வீட்டிலேயே அது பத்து நாள்தான் நின்றது. பார்க்க முடியாதபோது விரலால் தடவித் தேட ஆரம்பித்தேன், அது இன்னும் மோசம். எனக்குப் பலன் தந்தது வெளிச்சம். அந்த டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மங்கலான மஞ்சள் பல்பு போட்டோம். கண்ணாடியிலிருந்து ஒரு கை நீளம் தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. பல் விளக்க, முகம் கழுவ மூன்று நிமிஷம், வெளியே என் வீட்டுக்காரர் இருப்பார்.

இன்று உங்கள் மகளுக்குத் தேர்வு ஆரம்பம் அல்லவா. இந்த மாதம் புதிதாக எதையும் தொடங்கவேண்டாம். திட்டுவதை மட்டும் நிறுத்துங்கள்.

17 மார்ச்

நான் எப்படிச் சிகிச்சைக்குப் போனேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

2019-இல் கட்டைவிரலில் நகச்சுத்தி வந்து சீழ் கோத்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவர் என் கையைப் பார்த்துவிட்டு, “படித்தவர்தானே, வெட்கமாக இல்லையா” என்று கேட்டார். அதற்கப்புறம் நாலு வருஷம் எந்த டாக்டரிடமும் கையைக் காட்டவில்லை. சீழ் எடுத்த இடத்தில் இருந்த தோல் மருத்துவரம்மா, கட்டுப் போட்டுக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார்: “இதை நீங்களே எடுக்கிறீங்களாம்மா? எந்த நேரத்துல அதிகம்?” எந்த நேரத்தில் என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. அவர்தான் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தோல் மருத்துவரிடம் முதலில் போகவேண்டியதன் காரணம் ஒன்று இருக்கிறது. அரிப்பே நோயாக இருக்கலாம். சிரங்கு என்றால் ராத்திரியில் அரிப்பு கூடும், விரலிடுக்கில் இருக்கும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு எல்லாமே அரிப்பைத் தரலாம். பரு நிறைய இருந்தால் பருவுக்கு மருந்து கொடுத்தாலே கைக்கு வேலை பாதி குறைந்துவிடும். அதை முடித்துவிட்டு மனநல மருத்துவரிடம் போவதுதான் முறை.

அங்கே முதல் வாரம் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு சின்ன நோட்டில் குறித்துவரச் சொன்னார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்திருந்தேன், எந்தக் கை, அதற்கு முன்னால் என்ன நடந்தது. கணக்கு எழுதுகிற எனக்கு அது கைவந்த வேலை. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், பாதிக்குமேல் மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து, சரக்கு லாரி வராமல் முதலாளி போனில் சத்தம்போடுகிற நேரம். மிச்சம் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நாள் முழுக்க நோண்டுகிறவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

அடுத்தது பழக்கத்தை மாற்றும் பயிற்சி. அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் வகுத்தது. கை கிளம்புகிற முதல் அசைவைப் பிடிக்கப் பழகவேண்டும். பிடித்ததும், நோண்ட முடியாத வேறு வேலையைக் கைக்குக் கொடுக்கவேண்டும். நான் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு நிமிஷம். ஆசை அடங்காவிட்டால் இன்னொரு நிமிஷம். ஆசை ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். இறங்கும் என்பதையே நான் 36 வயதில்தான் பார்த்தேன், அதுவரை அதை இறங்க விட்டதே இல்லை.

2 ஏப்ரல்

வருஷக் கணக்கு முடிப்பு. 29-ஆம் தேதியிலிருந்து நாலு நாளில் ஒன்றரை வருஷமாக ஆறியிருந்த இடது முழங்கையைத் திறந்துவிட்டேன். மூன்று இடம். எழுதவேண்டாம் என்று நினைத்தேன். அப்புறம், இங்கே படிக்கிற யாராவது நான் குணமாகிவிட்டவள் என்று எண்ணிக்கொண்டு தன் கையைப் பார்த்து நொந்துகொள்ளக்கூடாது என்று எழுதுகிறேன்.

நோட்டை மறுபடி எடுத்துவிட்டேன்.

புண்ணைப் பற்றி: சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, மெல்லிசாக வாசலின் தடவி, மூடி வைத்திருக்கிறேன். புண் காய்ந்தால்தான் ஆறும் என்று நம் வீடுகளில் திறந்து போடுவார்கள். காய்ந்தால் பொருக்குத் தட்டும், பொருக்குதான் நம் கைக்கு அழைப்பு. ஈரம் காத்து மூடி வைத்த புண் சீக்கிரம் ஆறும், பொருக்கும் அவ்வளவாக வராது. காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் திறந்த புண்ணில் அப்பாதீர்கள். சிவப்பு பரவினால், சூடாக வீங்கினால், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம்.

7 ஏப்ரல்

“திட்டாமல், அடிக்காமல், சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?” என்று திருமங்கலத்து அக்கா கேட்டிருக்கிறார். கோபம் நியாயம்தான்.

நம் வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால் என்ன செய்கிறோம்? அரிக்கிறது என்று பிள்ளை கதறும். சொறிந்தால் தழும்பாகும் என்று நமக்குத் தெரியும். அடிக்கிறோமா? வேப்பிலைக் கொத்தைக் கையில் கொடுத்து, “இதால தடவிக்கோடா சாமி” என்கிறோம். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து நாமே தடவிவிடுகிறோம். எனக்கு ஏழு வயதில் அம்மை கண்டபோது அம்மா மூன்று ராத்திரி அப்படி உட்கார்ந்திருந்தார். அதே அம்மா, எனக்குப் பதினாலு வயதில் பரு நோண்டியபோது கரண்டியால் அடித்தார். அரிப்பு கண்ணுக்குத் தெரிந்தபோது வேப்பிலை, தெரியாதபோது கரண்டி. அம்மாமேல் இன்று எனக்கு வருத்தமில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே சும்மா இருக்கச் சொல்லவில்லை. வேப்பிலைக்குச் சமமான ஒன்றைத் தேடிக் கொடுக்கச் சொல்கிறேன். அவளே நினைவூட்டச் சொன்னால், “கை போகுதும்மா” என்று அவள் விரும்புகிற ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லலாம். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ‘கணக்கு’. என் மகள் அதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது, என் கை நின்றுவிடும்.

7 ஏப்ரல், பிறகு

எனக்குக் கிடைத்த வேப்பிலைகள்: பூக்கட்டுவது முதலில். சாயங்காலம் உதிரி மல்லி கால் கிலோ வாங்கி வந்து மொட்டாகத் தொடுப்பேன். இரண்டு கையும் வேண்டும், கட்டைவிரல் நாரைப் பிடித்திருக்கும், கண்ணும் அங்கேயே இருக்கும். நார் ஈரம் விரலுக்குக் குளிர்ச்சி. முகூர்த்த நாளில் விலை கிடுகிடுவென்று ஏறிவிடும், அன்றைக்குப் பூண்டு உரிப்பது, ஆனால் விரலில் புண் இருந்தால் பூண்டு எரியும்.

எல்லாவற்றிலும் மேல், பிதுக்குப் பருப்பு. ஊறவைத்த மொச்சையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு கழலும், பருப்பு ‘டொப்’பென்று கிண்ணத்தில் விழும். என் கை 27 வருஷமாகத் தேடியது அச்சு அசலாக அதைத்தான். இது அந்தப் பழக்கத்துக்கே தீனி போடுவதாகாதா என்று சந்தேகம் வந்து ஆலோசகரிடம் கேட்டேன். கைக்கு வேண்டியது மொச்சையில் கிடைத்தால் தோல் தப்பிக்கிறது, தாராளமாகச் செய்யுங்கள் என்றார்.

24 ஏப்ரல்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். விடியற்காலையில் வைகைக் கரையில் மகளோடு நின்றேன். இதை இந்த இழையில் எழுதக் காரணம், அரைக்கை ரவிக்கை. பன்னிரண்டு வருஷமாகச் சித்திரை வெயிலிலும் முழுக்கை போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறேன். “வேர்க்கலையா மதினி?” என்று கேட்பார்கள், பழகிவிட்டது என்பேன். நேற்று ஏப்ரல் மாதப் புண் மூன்றும் கட்டோடு வெளியே தெரிய நின்றேன். பீய்ச்சியடித்த தண்ணீர் கையில் பட்டது.

ஒரு அம்மா மட்டும் கேட்டார், என்ன கையில் என்று. “தோலை நோண்டுற வியாதிம்மா, வைத்தியம் பார்க்கிறேன்” என்றேன். “என் தங்கச்சிக்கும் இருக்குத்தா” என்றார்.

12 மே

மருந்து பற்றி நாலு பேர் கேட்டாயிற்று.

முதல் வைத்தியம் பேச்சும் பயிற்சியும்தான். மனச்சோர்வோ பதற்றமோ கூட இருந்தால், அல்லது பயிற்சி மட்டும் போதாவிட்டால், ஃப்ளூயாக்ஸெடின் வகை மாத்திரைகள் தருவார்கள். இந்தப் பழக்கத்துக்கு அவை சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கேட்கிறதா என்று தெரியவே பல வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. எனக்குப் பதற்றம் குறைந்தது, கண்ணாடி முன் நிற்கிற நேரம் குறைந்தது. தன்னையறியாமல் போகிற கைக்கு மாத்திரை ஒன்றும் செய்யவில்லை, அதற்கு மொச்சைதான்.

அசிட்டைல்சிஸ்டீன் என்று ஒன்று. சளியை இளக்கவும் பாராசிட்டமால் நஞ்சுக்கு முறிவாகவும் பழக்கத்தில் உள்ள மருந்து. அமெரிக்காவில் 66 பேரை வைத்து 12 வாரம் சோதித்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம். நம்பிக்கை தருகிற கணக்கு, ஆனால் 66 பேர் என்பது சின்னக் கூட்டம். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். ஆஸ்துமா இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தழும்புக்கு: நம் நிறத்துக்குப் புண் ஆறின இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் படப்பட இன்னும் கறுக்கும். மதுரை வெயிலுக்குக் குடையும் சன்ஸ்கிரீனும் வேண்டும். சீட்டு இல்லாமல் விற்கிற வெள்ளையாக்கும் கிரீம்களை வாங்காதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஒரு மாதம் பளபளவென்று இருக்கும், அப்புறம் தோல் மெலியும், பரு கொத்துக் கொத்தாக வரும். வந்த பருவைக் கை தேடும். நான் 24 வயதில் இந்தச் சுழலில் எட்டு மாதம் கிடந்தேன்.

9 ஜூன்

எங்கே போவது, எவ்வளவு ஆகும். கோரிப்பாளையம் பக்கம் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவும் இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. காலையில் புறநோயாளி சீட்டு, காசு கிடையாது. வெளியூர்க்காரர்கள் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று தாலுகா ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். நேரில் போகக் கூச்சம் என்றால் டெலி மானஸ் என்கிற மனநல உதவித் தொலைபேசி, 14416. அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

போகும்போது இப்படிச் சொல்லுங்கள்: “தோலை நோண்டுகிறேன், நிறுத்த முடியவில்லை, இந்தந்த நேரத்தில் அதிகம்.” பெயர் தெரியவேண்டியதில்லை. உரித்த தோலை வாயில் போட்டுக்கொள்கிற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். எனக்கு இருந்தது. சொல்ல ஆறு மாதம் ஆனது. நிறையப் பேருக்கு உண்டு என்று டாக்டர் சாதாரணமாகக் குறித்துக்கொண்டார்.

30 ஜூன்

திருமங்கலத்து அக்கா எழுதியிருக்கிறார். இரண்டு தடவை போய்வந்துவிட்டார்களாம். பருவுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், நோட்டும் போடுகிறாளாம். அப்பா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் குளியலறையில் மஞ்சள் பல்பு மாட்டியது அவர்தானாம். மகள் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள்: பூ கட்டும்போது நார் அறுந்து அறுந்து போகிறது, என்ன செய்வது?

வாழைநாரை அரை மணி நேரம் தண்ணீரில் போடு கண்ணு. எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, கட்டுகிற அளவுக்கு மட்டும் ஒவ்வொன்றாக உருவு. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர வை. சுற்றி இழுக்கும்போது நகத்தால் இழுக்காதே, விரல் சதையால் இழு. நகம் பட்டால்தான் நார் அறும்.